பச்சைக்கல் தவளை

என் தங்கைக்குத் தலை பின்னிவிடுவது எனக்கு எப்போதுமே பிடித்த வேலை. சின்ன வயதில் பிடி கொடுக்காமல் ஓடுவாள். இப்போது சொன்னபடி உட்கார்ந்திருக்கிறாள்.

நாங்கள் இருவரும் நகை செய்பவர்கள். மிருகங்களும் பறவைகளும்தான் எங்களுக்குக் கைவந்தவை. நீலக்கல் இறகு வைத்த மீன்கொத்தி, மஞ்சள் கல் கண்ணால் முறைக்கும் ஆந்தை, வாலில் நிறம் நிறமாய்க் கல் ஓடும் ஓணான். தங்கத் தகட்டை இரண்டு பாதியாக வளைத்து ஒட்டி, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடாக உடம்பைச் செய்வது நான். கால், வால், பின்பக்க ஊசி எல்லாம் பற்றவைத்து, கடைசியில் கல் பதிப்பது அவள். அதன்பிறகுதான் அவற்றுக்கு உயிர் வரும்.

கூடான உடம்பின் அடிவயிற்றில் ஊசிமுனை அளவு ஒரு துளை விடவேண்டும். நெருப்புக் காட்டும்போது உள்ளிருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அந்தத் துளை என் பொறுப்பு. அவள் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை. அக்கா கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்பாள்.

எங்களுக்குக் கல் பட்டை தீட்டித் தருபவர் அவளைப் பெண் கேட்டார். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். கல்யாணம் முடிந்ததும் தன் ஊருக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அம்மா போனபிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். என்னைக் கேட்டு வந்தவர்களை எல்லாம் அவளுக்காகத் திருப்பி அனுப்பினேன். ஆனாலும் முகம் சுளிக்கவில்லை. கல்யாணத் துணிகூட நானே எடுத்துவைத்தேன்.

ஒரு மத்தியானம் அடுத்த அறையில் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

“அக்காவையும் நம்மகூடவே கூட்டிட்டுப் போயிடலாமே,” என்றார் அவர்.

“ஐயோ சாமி, வேணாம். அவ வந்தா உங்களுக்கும் சேர்த்துத் தலை வாரி, சோறு ஊட்டிவிடுவா. கொஞ்ச நாளாவது நான் மூச்சு விட்டுக்கறேனே.”

“பாவம்ல.”

“பாவம்தான். பாவம் பார்த்துப் பார்த்தே எனக்கு நரைச்சுடும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. குழந்தை தெரியாமல் பேசுகிறது, அவ்வளவுதான்.

அப்போது என் கையில் இருந்தது ஒரு தவளை. முதுகு முழுக்கப் பச்சைக்கல் பதிக்க வேண்டியது. கழுவியபோது உள்ளே தேங்கிய தண்ணீரை நான் உலர்த்தவில்லை. துளையில் தங்கக் கம்பித் துண்டை இறுக்கி அடைத்து, மேலே அரம் போட்டுத் தேய்த்தேன். நன்றாகவே வந்தது. நானே தேடினாலும் தெரியாது.

“வாயைப் பாருக்கா, உனக்கு வரன் கொண்டுவந்த தரகர் மாதிரியே இருக்கு,” என்று வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடி போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாம். போட்டால் பற்றவைக்கும் பொடி உருகுவது தெரியவில்லை என்பாள். முகத்தைக் கிட்டே வைத்துத்தான் நெருப்புக் காட்டுவாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். சத்தம் பெரிதாக இல்லை. தட்டு ஒன்று கீழே விழுந்ததுபோல. பிறகுதான் அவள் கத்தினாள்.

கல்யாணம் தானாக நிற்கவில்லை. அதையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் தினமும் வந்தார். உங்களைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை என்றேன். அவளிடம், அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றேன். மெல்ல மெல்ல அவரும் வராமல் போனார். இப்போது நாள் முழுக்க ‘அக்கா, அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறாள். குளிப்பாட்டுகிறேன், ஊட்டிவிடுகிறேன். வேறு யார் இப்படிப் பார்த்துக்கொள்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஓர் ஆபரேஷன் செய்தால் வலது கண்ணில் பார்வை திரும்பும், தள்ளிப்போட்டால் அதுவும் முடியாது என்றார். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தவள் என் கையைத் துழாவிப் பிடித்தாள். “டாக்டர் என்னக்கா சொன்னாரு?”

“ஒண்ணும் பண்றதுக்கில்லையாம்டா,” என்றேன்.

வேறு என்ன சொல்வது? ஆபரேஷன் என்றால் வலிக்கும். அவளுக்கு ஒரு முள் குத்தினால்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.