இஸ்க்ரா அக்கா கேட்ட முகவரிகள்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர், மருத்துவர் லோசான் கராஜோவ் அவர்களே, மனைவியை இழந்து நிற்கும் வெலின் அண்ணன் அவர்களே, செவிலியர்களே, என் நெட்வொர்க் பிரிவுத் தோழர்களே, வணக்கம்.

நமது மருத்துவமனையின் தலைமைப் பொறியாளர் இஸ்க்ரா துந்தரோவா போய்விட்டார்! சர்வர் அறைக் கதவில் அவருடைய படம் போட்ட மரண அறிவிப்பை நானேதான் ஒட்டினேன். படத்தில்கூட என்னை முறைக்கிறார். "என்னடா ரூமென், கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கிற? ஏசி காத்தெல்லாம் வெளிய போகுது பாரு!" என்று அதட்டுவது போலவே இருக்கிறது.

எதற்காக அவர் சண்டை போட்டார்? சம்பளத்துக்கா? பதவிக்கா? இல்லை ஐயா! கருவிகளையெல்லாம் இணைக்கும் பெட்டியான ஒவ்வொரு நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் நிலையான ஐ.பி. முகவரி வேண்டும் என்று சண்டை போட்டார். "அது இல்லாமலே எக்ஸ்ரே படம் வருதே, போன் அடிக்குதே, அப்புறம் என்னம்மா?" என்று கேட்டவர்கள் இந்த மேடையிலும் உண்டு. அக்கா விடவில்லை. "வேலை செய்யும் சார், யாரு இல்லைன்னா? ஆனா அதுக்கு உடம்பு சரியில்லைன்னா யாருகிட்ட சொல்லும்? இங்கேருந்து நான் எப்படி அதைக் கூப்பிடுவேன்?" என்றார்.

நமது மலைக் கிளினிக்கை மறக்க முடியுமா? அங்கிருந்த ஸ்விட்சுக்கு முகவரி போட்டுவிட்டு, கேட்வேயைப் போட மறந்தான் பிளாமென். பின்வரிசையில் தலையைக் குனிகிறானே, அவன்தான்! பக்கத்தில் உட்கார்ந்து மடிக்கணினியிலிருந்து கூப்பிட்டபோது பெட்டி பதில் சொன்னது. அவனும் திருப்தியாக வந்துவிட்டான். ஆனால் கேட்வே இல்லாததால் வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி அதற்குத் தெரியாது. மின்விசிறி நின்று சூடேறியபோது அது அனுப்பிய எச்சரிக்கை கிளினிக்கைத் தாண்டவே இல்லை. மகப்பேறு அறையின் திரைகள் அணைந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. கொட்டும் பனியில் வண்டியோட்டிப் போய் வேறு பெட்டி வைத்தார் அக்கா. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்து பிளாமென் கையில் சீஸ் வைத்துச் சுட்ட பனித்சா பலகாரத்தில் ஒரு துண்டைத் திணித்து, "தின்னு. விலாசம் எழுதினியே, வெளிய போற வாசல் எங்கேன்னு அதுக்கு யாருடா சொல்றது, உங்க தாத்தாவா?" என்றார். அவன் அழுதுகொண்டே தின்றான்.

திங்கட்கிழமை புதிய தீவிர சிகிச்சைப் பிரிவு திறக்கிறது. அங்கே ஒரு ஸ்விட்சுக்கும் முகவரி இல்லை. "திறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் ஒப்பந்தக்காரர். என்ன துணிச்சல்! படுக்கையில் கிடந்த அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டதும் இதைத்தான்: "ரூமென், அந்தப் பெட்டிங்களுக்கு விலாசம் போட்டாச்சா?" ஆமாம் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இயக்குநர் அவர்களே, இந்தச் சபையின் முன்னால் கேட்கிறேன். அந்தப் பிரிவின் சாவியை எங்களிடம் கொடுங்கள். முகவரியும் கேட்வேயும் போட்டு, ஒவ்வொரு பெட்டியும் இங்கே எங்கள் மேசைக்குப் பதில் சொன்ன பிறகுதான் முதல் நோயாளி உள்ளே வரவேண்டும். தருவீர்களா?

தலையசைக்கிறார்! எல்லோரும் பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா? இனி மாற்றிப் பேச முடியாது!

தோழர்களே, நாளைக் காலையிலேயே இறங்குகிறோம். அக்கா இறந்த நாற்பதாம் நாள் வரும்போது, அதற்கான நினைவு அறிவிப்பை அந்தப் புதிய பிரிவின் கதவில் ஒட்டுகிறோம். இஸ்க்ரா அக்கா, இனி நாங்கள் கூப்பிட்டால் நீங்கள் பதில் சொல்ல மாட்டீர்கள். நீங்கள் கேட்ட பெட்டிகள் அத்தனையும் சொல்லும்.