செவுத்துக்கு மேல தகரம்

கூரைக்கு இல்லங்க அக்கா, செவுத்துக்கு. நடுச்செவுத்துக்கு மேல அடிக்கத்தான் இந்தத் தகரம். குத்துதுங்களா? இருங்க, இந்தப் பக்கம் சாய்ச்சு வச்சுக்கிறேன். கொண்டக்டர் தம்பி ஏத்தவே மாட்டேன்னுச்சு. அப்புத்தளையில தகரக்கடை ஹாஷிம் நானாதான் ரெண்டா வெட்டி, ஓரத்துக்குச் சாக்கு சுத்திக் குடுத்தாரு.

தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்திருக்கீங்களா? இல்லையா? அப்பத் தெரியாது. ஒரே நீளக் கூரை, அதுக்குக் கீழ வரிசையா காம்பரா, குடும்பத்துக்கு ஒண்ணு. காம்பராவுக்குக் காம்பரா செவுரு இருக்கு, ஆனா கூரை வரைக்கும் போவாது. மேல தொறந்தே கெடக்கும். அங்கிட்டு மொளகா வறுத்தா இங்கிட்டுத் தும்முவோம்.

அடுத்த காம்பராவுல என் கொழுந்தன் சிங்கராயர். இப்ப ரொஷானி அப்பாவும் அங்கதான். ரொஷானி என் மக. ஆமா, எங்கூட்டுக்காரருதான்.

சண்டைன்னு இல்ல. அடிப்பாருங்க. ஒருக்கா கை முறிஞ்சுச்சு. படியில விழுந்தேன்னு டிஸ்பென்சரியில சொன்னேன், அவங்களும் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் ஒரு நா கவாத்துக் கத்திய எடுத்துட்டாரு, புள்ள கண்ணு முன்னால. மறுநா வேலைக்குப் போவல. பொலிசுக்குப் போனேன்.

நானும் அப்படித்தான் நெனச்சேன், வீட்டுக்குள்ள நடக்குறதுக்கெல்லாம் எங்க சட்டம்னு. இருக்குங்க. லோயர் மிஸ் ஒருத்தர் காசு வாங்காம செஞ்சு குடுத்தாங்க. கோர்ட்டுல பாதுகாப்புக் கட்டளைன்னு ஒண்ணு தருவாங்க. அவரு என் வீட்டுக்குள்ள வரக்கூடாது, நான் கொழுந்தெடுக்குற மலைக்கு வரக்கூடாது, எங்கிட்டப் பேசக்கூடாது. மீறுனா உள்ள போடுவாங்க. அப்ப எங்க தங்குவாருன்னு கோர்ட்டுல கேட்டாங்க. தம்பி வீட்டுலன்னேன். வேற வீடுதானேன்னாங்க. வேற வீடுதான்னேன். எங்களுக்கு அடுத்த காம்பரான்னா வேற வீடுதானுங்களே. வேற வாசல், வேற அடுப்பு.

இல்ல, வரல. பொய் சொல்லக்கூடாது, வாசப்படி மிதிக்கல. பேசவும் இல்ல. ஜெபந்தான் சொன்னாரு.

நாங்க வேதக்காரங்க. பொழுது சாஞ்சா ஜெபமாலை சொல்லுவோம். ஒருத்தர் முதல் பாதி சொன்னா மத்தவங்க பின்பாதி சொல்லணும். நான் முதல் பாதி, ரொஷானி பின்பாதி. அவரு போயிக் கொஞ்ச நாளுல, நான் என் பாதியச் சொல்லி முடிக்கிறேன், செவுத்துக்கு மேலருந்து பின்பாதி வருது. அவரு கொரலு. பாவிகளுக்காக வேண்டிக்கச் சொல்ற பாதி அது. புள்ள என்னை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. அதுலருந்து தெனமும்.

சொன்னேனே. மாதாகிட்டதானே பேசுறான், உங்கிட்டயா பேசுனான்னு பொலிசுல சிரிச்சாங்க. மிஸ் சிரிக்கல. இதையும் கோர்ட்டுல சொல்லுவோம், அந்த லயத்துலயே இருக்கக்கூடாதுன்னு கேப்போம்னாங்க. நாந்தான் பாப்பம் மிஸ்னுட்டேன். ஜெபம் சொல்றவர எப்படிங்க துரத்தச் சொல்றது? கோயில்ல எல்லாரும், பாரு எப்படித் திருந்திட்டான்னு எங்கிட்டயே சொல்றாங்க.

ஜெபத்தை மெதுவாவும் சொல்லிப் பாத்தேன். வாய்க்குள்ளயே சொன்னேன். அவருக்குத்தான் நேரம் தெரியுமே.

கோவமா? வந்தா நல்லா இருந்திருக்கும். பல்லு புடுங்க ஊசி போட்டா வாயி மரத்துக் கெடக்குமே, அப்படித்தான் இருக்கு. பயங்கூட முன்ன மாதிரி இல்ல.

திருந்தியிருப்பாருன்னா சொல்றீங்க? அவரு எப்பவும் இப்படித்தாங்க. அடிச்சுட்டு, பொழுது சாஞ்சதும் மொழங்கால் போட்டு அழுதுக்கிட்டே ஜெபம் சொல்லுவாரு. நானும் பக்கத்துல மொழங்கால் போடுவேன். கொஞ்ச நாளைக்கு நல்லா இருப்பாரு. கை முறிஞ்சது அதுக்கப்புறந்தான். கத்தி எடுத்ததும் அதுக்கப்புறந்தான்.

கட்டளை இந்த மாசத்தோட முடியுது. இன்னமும் வேணும்னா நான் போய்க் கேக்கணும். வெள்ளிக்கிழம வரச் சொல்லியிருக்காங்க. ரொஷானியையும் கூட்டிக்கிட்டுத்தான் போவேன். நான் பாதியில திரும்புனாலும் அவ இழுத்துக்கிட்டுப் போயிருவா.

தகரத்துக்கெல்லாம் சத்தம் நிக்காதுங்க. ஹாஷிம் நானாவும் அதத்தான் சொன்னாரு. பரவால்ல, வெட்டுங்கன்னேன்.

நேத்து அவரு எங்கயோ போயிட்டு வரல. அந்தக் காம்பராவுல வெளக்கே இல்ல. நிம்மதியா ஜெபமாலைய எடுத்தேன். முதல் பாதி சொன்னேன். அப்புறம் ரொஷானி என்னைப் போட்டு உலுக்குறா. அம்மா, நான் எப்பவோ சொல்லி முடிச்சுட்டேன், நீங்க ஏன் மேல பாத்துக்கிட்டே இருக்கீங்கன்னு கேக்குறா. அவ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லங்க. அவரு சொல்லட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

காலையில எந்திரிச்சு தகரம் வாங்க வந்துட்டேன்.

இந்தா, ஹல்துமுல்லை வந்துருச்சு. அந்த ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விடுறீங்களா அக்கா? கையி பத்திரம்.