முற்றத்துக்குப் போன மண்பானை

கொஞ்சம் கண்ணை மூடிக்குங்க... உங்களை ஒரு சின்னக் கதைக்குள்ள, கொச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

கடல் காத்து. கயித்துல வரிசை வரிசையா வெள்ளைத் துணி ஆடுது... மேகம் தரைக்கு இறங்கின மாதிரி. நடுவுல முப்பிடாதி. திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து அங்கே போய்த் துணி வெளுக்கிற குடும்பம். அவ வெளுத்துக் கொடுக்கிற வீடுகள்ல ஒண்ணு, ரிவ்கா சேச்சி வீடு. யூதக் குடும்பம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முப்பிடாதி வெளுத்த விரிப்பை மேசையில விரிச்சு, விளக்கேத்தினாத்தான் சேச்சிக்கு ஓய்வுநாள் பிறக்கும்.

ஒரு தடவை முப்பிடாதிக்குக் காய்ச்சல். சேச்சி மண்பானையில கோழிச்சாறு கொடுத்தனுப்பினாங்க. உடம்பு தேறிச்சு. வந்த பாத்திரத்தை வெறுமையா திருப்பிக் கொடுப்போமா நாம? மாட்டோம் இல்லையா? கழுவி, சுடச்சுடப் பால் பாயசம் ஊத்திக் கொண்டுபோனா. சேச்சி வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லலை.

அடுத்த வாரம் போறா... அந்தப் பானை முற்றத்து மூலையில இருக்கு. உள்ளே மண்ணு. ஒரு மல்லிகைக் கன்று.

துணியை வெச்சுட்டு வந்தவதான்... அப்புறம் போகவேயில்லை.

வெள்ளிக்கிழமை. விரிப்பு வரலை. ஆடுற துணிகளை விலக்கிக்கிட்டு சேச்சியே வந்தாங்க.

"கோபமா, முப்பிடாதி?"

"கோபம் என்ன சேச்சி. ஊர் டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனி கிளாஸ். இங்கே என் கை பட்ட பானைக்கு முற்றம். இவ்வளவு தூரம் வந்தும் அதே இடத்துலதான் நிக்கிறேன்."

சேச்சி அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் மெதுவா...

"உன் கையாலே இல்லை, பெண்ணே. பாலாலே. கறிப் பானையில பால் சேரக்கூடாது எங்களுக்கு. மண்பானை அதைக் குடிச்சுக்கும், கழுவினாலும் போகாது. நானே ஊத்தியிருந்தாலும் முற்றம்தான். உடைக்க மனசு வரலை... அதான் மல்லிகை வெச்சேன்."

"அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"உன் மனசு நோகுமேன்னு..."

"ஆமா, இப்ப ரொம்பக் குளுகுளுன்னு இருக்கு."

சேச்சிக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவளுக்கும்.

பொழுது சாயறதுக்குள்ள விரிப்பு போச்சு. கூடவே ஒரு புதுப் பானை. வெறுமையா இல்லை... நிறையக் கொய்யாப்பழம். பாலும் இல்லை, கறியும் இல்லை.

யார் விட்டுக்கொடுத்தது, சொல்லுங்க? யாருமே இல்லை. சேச்சி வழக்கம் சேச்சிகிட்ட. முப்பிடாதி வழக்கம் முப்பிடாதிகிட்ட. போனது அந்த மௌனம் ஒண்ணுதான்.

உங்க அடுக்களையில எந்த வழக்கமும் இருக்கட்டும். ஆனா ஏற்கனவே தள்ளி வைக்கப்பட்ட ஒருத்தர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நினைச்சுப் பாருங்க. அவங்க வந்து கேக்கட்டும்னு இருக்காதீங்க. நீங்க போங்க... அந்த ஈரத் துணிகளை விலக்கிக்கிட்டு, நீங்களே போய்ச் சொல்லுங்க.