அச்சிட இங்கே அழுத்தவும்

பிரிண்ட் எடுக்கத் தெரியாதவர்கள் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. 2006இல் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருந்தேன். கடிதம் அடித்துக் கொடுப்போம். கடலுக்குப் போகிறவர்கள் கடற்படையிடம் கொடுக்கும் பாஸ் விண்ணப்பம் அடித்துக் கொடுப்போம். நானும் குணரத்தினமும்தான்.

குணம் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எதை எங்கே அழுத்துவது என்பது அவனுக்கு மறந்து மறந்து போகும். அவனுக்காகவே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நீல எழுத்தில் 'அச்சிட இங்கே அழுத்தவும்' என்று ஓர் இணைப்பு வைத்தேன். அழுத்தினால் போதும், கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் தாளைத் தள்ளிவிடும். அதன் பின்னால் இருக்கும் கட்டளைகளை நான்தான் மினக்கெட்டு எழுதினேன்.

அடுத்த வருடம் அவன் பக்கத்திலேயே தனிக்கடை போட்டான். என் கோப்புகள் அத்தனையையும் கொண்டுபோனான். மீனவர்களுக்கான தமிழ் அறிவித்தலைக் கடற்படையினர் அவனிடம் அச்சிடத் தொடங்கினார்கள். நீல எழுத்தைக் காட்டி, தான் செய்தது என்று அவர்களிடம் சொன்னானாம். கேட்டதும் நெஞ்சு எரிந்தது. கூடப்பிறந்தவன் போல வைத்திருந்தவன் முதுகில் குத்திவிட்டான்.

பிறகு ஒருநாள் அவனே வந்து நின்றான்.

"மச்சான், கொம்பியூட்டர் இறுகிப்போய் நிக்குது. உன்னை விட்டா ஆரிட்டப் போறது? ஒருக்கா வந்து பாரன்."

"ஓம், வாறன்" என்றேன்.

ஒழுங்காகத்தான் திருத்திக் கொடுத்தேன். எனக்குப் பிளேன்டீ வாங்க அவன் வெளியே போன நேரத்தில், நீல எழுத்தின் பின்னால் ஒரு வரி சேர்த்தேன். இனி அறிவித்தலோடு இன்னொரு தாளும் வரும். கடற்படையை எச்சரித்து இயக்கம் விடுவதுபோல நானே அடித்த துண்டுப்பிரசுரம் அது. எல்லாக் கோப்பிலும் சேர்க்கவில்லை. சனங்கள் யாராவது மாட்டிக்கொண்டால் பாவம். கடற்படையின் அறிவித்தலில் மட்டும் சேர்த்தேன். அவ்வளவு யோசித்துத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை கடற்படையினர் அறிவித்தல் அச்சிட அவன் கடைக்கு வந்தார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் எப்போதும் கூட வருவான். நான் என் கடை வாசலில் நின்றேன். பிரிண்டர் ஓடிய சத்தம் கேட்டது. பிறகு குணம் இருந்த கதிரை விழுந்தது. குணத்தை வாகனத்தில் ஏற்றும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கட்டளையில் கை வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

என்னையும் கூட்டிப்போக வருவார்கள் என்று காத்திருந்தேன். அவன் மனைவி கமலாதேவிதான் வந்தாள்.

"அவரை ஒருக்காக் காட்டினவங்கள், அண்ணை. முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு. ஆர் செய்தது எண்டு கேட்டவங்களாம். தெரியாது எண்டு சொல்லிப்போட்டாராம். பிள்ளையளை உங்களைப் பாக்கச் சொன்னவர்."

அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருக்கலாம். எங்கள் இருவருக்கும் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். அவன் சொல்லவில்லை. தான் நல்லவன் என்று காட்டிவிட்டு, என்னை இப்படி ஆக்கிவிட்டுப் போய்விட்டான். கோப்புகளைக் கொண்டுபோனதைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டேன். இந்தத் துரோகத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.