திங்கட்கிழமை திறக்கும் என்றேன்

எனக்கு சினிமான்னா பெரிசா ஆசை கிடையாது சார். மூணு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்தா முதுகு பிடிச்சுக்கும். அதனால சினிமாப் பைத்தியம் பிடிச்சு செஞ்சேன்னு மட்டும் எழுதிடாதீங்க. நான் செஞ்சது என் வேலையை.

என் வேலை என்னன்னு நிறைய பேருக்குப் புரியாது. இன்டர்நெட் கம்பெனியில, திருட்டுப் படம் போடுற சைட்டை எல்லாம் அடைக்கிற ஆள் நான். கோர்ட்ல இருந்து லிஸ்ட் வரும், ஒண்ணொண்ணா அடைப்பேன். ஆபீஸ்ல எனக்குப் பேரே 'பூட்டு'. காலையில ஒரு சைட்டை அடைச்சா, நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள பேருல ஒரு எழுத்தை மாத்தி அஞ்சு முளைச்சிருக்கும். அந்த அஞ்சையும் அடைச்சா பத்தாகும். எட்டு வருஷம் இதையே செஞ்சு பாருங்க, அப்பத் தெரியும். மனுஷனுக்கு வெறுத்துப் போயிடும் சார்.

வீட்டுக்குப் போனா அங்கயும் நிம்மதி இல்லை. என் பொண்டாட்டியோட தம்பி எங்களோடதான் இருக்கான், செல்போன் கடையில வேலை. போன்ல ஒரு சின்ன ஆப் வச்சிருக்கான். நான் அடைச்ச சைட்டை என் கண்ணு முன்னாடியே அதுல திறந்து காட்டுவான். இன்னைக்கு எத்தனை பூட்டு மாமான்னு கேப்பான், அவன் அக்கா சிரிப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு பெரிய படம் வர இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, முதல் மூணு நாள் எங்கயும் கசியக்கூடாது, திங்கட்கிழமை மீட்டிங்குக்குப் படக் கம்பெனி ஆளுங்க வர்றாங்கன்னார். நான் யோசிச்சேன். பேரை அடைக்கிறதாலதானே பேரை மாத்துறான்? அந்த சைட் இருக்கிற மெஷினோட நம்பரையே அடைச்சுட்டா? அதுல ஒரு சிக்கல் இருக்கு. ஒரே மெஷின்ல நூத்துக்கணக்கான சைட் குடியிருக்கும். ஒரு வீட்டுல திருடன் இருக்கான்னு அடுக்குமாடியோட மெயின் கேட்டையே பூட்டுற மாதிரி. அதனால நம்பரை அடைக்கிறதுன்னா, அதுல வேற யார் யார் இருக்காங்கன்னு முதல்ல பாக்கணும். பாத்துட்டு மேனேஜர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அது எங்க ரூல்.

பாத்தேன் சார். பாக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். முன்னூத்திப் பன்னிரண்டு சைட் இருந்தது. தையல் கடை, டியூஷன் சென்டர், கல்யாண போட்டோ எடுக்கிறவங்க, இப்படி. நடுவுல ஒண்ணு, லேசுல கிடைக்காத ரத்த குரூப்காரங்களோட லிஸ்ட். பேரு, தெரு, போன் நம்பர் எல்லாம் இருக்கும். ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒருத்தங்க நடத்துறாங்க. மூணு நாள்தானேன்னு நினைச்சேன். கையெழுத்துக் கேட்டா மேனேஜர் வேண்டாம்பார்னு தெரியும், அதனால கேக்கலை.

வியாழக்கிழமை சாயங்காலம் அடைச்சேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழையுறேன், ஹால்ல டிவியில அதே படம் ஓடுது. மச்சான் காலை நீட்டிப் படுத்திருக்கான். எப்படிடான்னு கேட்டேன். வெளிநாட்டு வழியா சுத்திப் போனா உங்க பூட்டெல்லாம் குறுக்கயே வராது மாமான்னான். கடையில எல்லாரும் மத்தியானமே பாத்து முடிச்சாச்சாம். செருப்பைக்கூடக் கழட்டாம நின்னேன். சாப்பிடவே பிடிக்கலை.

சனிக்கிழமை மத்தியானம் அந்த நர்ஸம்மா போன் என் லைனுக்கு வந்தது. சைட் திறக்கலைன்னு முந்தின நாள் கூப்பிட்டதுல இருந்து கஸ்டமர் கேர்ல அங்க இங்கன்னு அலைக்கழிச்சு, கடைசியில என்கிட்ட தள்ளிவிட்டிருக்காங்க.

"தம்பி, ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிக்கலை. அவ குரூப் ரத்தம் எங்கயும் இல்லை. குடுக்கிற ஆளு என் லிஸ்ட்ல இருக்கு, லிஸ்ட்தான் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருப்பா."

வேற காப்பி இல்லையான்னு கேட்டேன். பழைய நோட்டு ஒண்ணு இருக்கு, பாதி நம்பர் மாறிப்போச்சுன்னாங்க. அந்த ஏரியா முழுக்க எங்க கம்பெனி இன்டர்நெட்தான், யார் போன்ல பாத்தாலும் திறக்காதுன்னு எனக்குத் தெரியும். மச்சான் வச்சிருக்கிற ஆப் பேரைச் சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல திறந்திருக்கும். நான் சொல்லலை. அடைக்கிற ஆளே சுத்துவழி சொல்லிக் குடுத்தா நல்லாவா இருக்கும்? ஏதோ டெக்னிக்கல் பிரச்சினைம்மா, திங்கட்கிழமை திறக்கும்னேன். அப்புறம் நாலு தடவை கூப்பிட்டாங்க. எடுக்கலை.

அந்தப் பொண்ணு சாயங்காலமே போயிடுச்சு. குழந்தை இருக்கு. லிஸ்ட்ல இருந்த ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கார், அச்சாபீஸ்ல வேலை. அன்னைக்கு அவருக்கு லீவு, வீட்டுலதான் இருந்தாராம். இங்க விசாரணைக்கு வந்து அவர் உங்ககிட்ட சொல்லும்போது நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கஷ்டமாத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பாத்தா, போன படத்தைவிட இந்தப் படத்தைத்தான் அதிகம் பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க. அப்ப நான் அடைச்சதால நின்னது யாருன்னு தேடினேன். படம் திருடுறவன் ஒருத்தன்கூட இல்லை. தையல்காரர், டியூஷன் டீச்சர், நர்ஸம்மா. சுத்துவழி தெரியாத ஜனங்க மட்டும்தான். ஆனாலும் மீட்டிங்ல வெற்றின்னுதான் சொன்னேன், எல்லாரும் கை தட்டினாங்க.

நீங்க திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேக்கிறீங்க. படம் ஊர் முழுக்கப் பரவினது தெரிஞ்சப்புறமும், பத்து நிமிஷம் திறந்து விட்டிருக்கலாமேன்னு. திறந்திருக்கலாம் சார். அந்த மெஷின் நம்பருக்கு நேரா இருக்கிற டிக்கை எடுத்தாப் போதும். அந்தம்மா பேசும்போது அந்த ஸ்க்ரீன் என் முன்னாடிதான் இருந்தது. திறந்தா அந்தப் பொண்ணு பொழைச்சிக்கும்னும் தெரியும், தெரிஞ்சுதான் திறக்காம விட்டேன், அப்படியே எழுதிக்குங்க. ஆனா நான் திறந்துவிட்டிருந்தா, எல்லாரும் அந்தப் படத்தை டவுன்லோட் பண்ணியிருப்பாங்களே சார்.