வியாழக்கிழமைப் பாடை

அங்க நிக்காதீங்க தம்பி, மூங்கில் சிம்பு பேன்ட்டுல ஏறிக்கும். இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. பாடை தான வேணும்? கட்டிடலாம். ஸ்ரீராம்புரத்துல நெசமா சாவு எடுக்கறவங்களும் இங்க தான் வருவாங்க, உங்கள மாதிரி பொய்ச்சாவு எடுக்கறவங்களும் இங்க தான் வருவாங்க. எனக்கு ரெண்டுக்கும் மூங்கில் ஒண்ணு தான். எம்எல்ஏ கிருஷ்ணப்பாவுக்கு சவ ஊர்வலம். வியாழக்கிழமை, காலைல பத்தரை. சரி. பொம்மைக்கு வேட்டி சட்டை நீங்களே கொண்டாந்துடுங்க. ஆளு நல்ல ஒசரம், ஆறரை அடி போட்டா தான் கால் தொங்காம இருக்கும்.

சிரிச்சேனா? சிரிக்காம என்னா பண்றது. ஏழு வருசம் முன்னாடி உங்க கட்சி தான ஆட்சில இருந்துச்சு? அப்போ உங்க மந்திரி ரோடு போடறதுல துன்னுட்டாருன்னு சொல்லி, இதே கிருஷ்ணப்பா வந்து இதே மாதிரி ஒண்ணு கட்டச் சொன்னான். நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அதே ஸ்டூலு. டிவிக்காரன் வந்தான். பொம்ம எரிஞ்சுது. எல்லாரும் இட்லி துன்னுட்டு ஊட்டுக்குப் போனாங்க. அந்த மந்திரி இப்ப எங்க இருக்காரு? கிருஷ்ணப்பா கட்சில! போன மாசம் ஒரே மேடைல ஒருத்தருக்கு ஒருத்தர் மால போட்டுக்கறாங்க, நான் தான் பாத்தேனே. எரிஞ்சது எம் மூங்கிலு தான்.

எங்க, பிளக்ஸ விரிங்க. ஓ, கொம்பு வெச்சிருக்கீங்களா கிருஷ்ணப்பாவுக்கு? பிரமாதம். பயந்துடுவான். பக்கத்துல இந்தப் பொண்ணு யாரு? மோரித் தண்ணில, அந்தச் சாக்கடைக் கால்வாயில, அடிச்சுட்டுப் போன பொண்ணா. சரி சரி. சுருட்டி வைங்க, காத்துல கிழிஞ்சுடும்.

ஒப்பாரிக்கு ரெண்டு பொம்பளைங்களா? பின்னாடி சந்துல வள்ளியம்மாவக் கேளுங்க, உங்க மந்திரிக்கும் அவங்க தான் அழுதாங்க. கண்ணுல தண்ணியே வரும்.

கோச்சுக்காதீங்க தம்பி. ரகுன்னு தான சொன்னீங்க? இளைஞர் அணிச் செயலாளர். வைட்ஃபீல்டுல கம்ப்யூட்டர் வேலைய உட்டுட்டு கட்சிக்கு வந்தவரு. படிச்சவரு. அதனால தான் கேக்கறேன். கிருஷ்ணப்பா என்னா திருடினான்னு உங்களுக்குத் தெரியுமா? ஊழல், ஊழல்னா எப்பிடி? எல்லாரும் தான் சொல்றாங்க. சரி, நான் சொல்றேன், கேளுங்க.

அந்தப் பெரிய மோரி இருக்குல்ல, மெட்ரோல எறங்கி நம்ம ஏரியாவுக்கு நடந்து வர்ற வழில, அதுக்கு ஓரமா செவுரு கட்டறேன்னு காண்ட்ராக்டு எடுத்தது கிருஷ்ணப்பா மச்சான். எவ்ளோ கட்டினோம்னு இன்ஜினியர் ஒரு புக்குல எழுதி கையெழுத்து போடுவாங்க. அந்தப் புக்குல முந்நூறு அடி செவுருன்னு எழுதியிருக்கு. நான் டேப்பு புடிச்சு அளந்தேன். நாப்பத்திரெண்டு அடி. அதுக்கப்புறம் வெறும் மண்ணு, நாலு புல்லு. போன ஐப்பசி மழைல, சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்த மண்ணு இருந்த எடத்துல தான் ரோடும் மோரியும் ஒண்ணாப் போச்சு. எது தர எது தண்ணின்னு தெரியாது. வேல முடிச்சு வந்த பொண்ணு காலு வெச்சா.

நான் எதுக்கு அளந்தேனா? எந் தொழிலே அளக்கறது தான தம்பி.

அதான் சொல்றேன். கொம்பு வெச்சா அவன் பயப்பட மாட்டான், தமுக்கு அடிச்சா பயப்பட மாட்டான். உங்க ஊர்வலத்த ஊட்டு மாடில நின்னு போன்ல படம் புடிப்பான். அவன் பயப்படறது அந்தப் புக்கு ஒண்ணுக்குத் தான். அதை வெளிய எடுக்கணும். இந்தா புக்கு, இந்தா டேப்பு, வா வந்து அளன்னு அதிகாரிய மோரிக்கு இட்டுனு போகணும். அது எதிர்க்கட்சி வேல. ஆனா அதுக்கு வெய்யில்ல நிக்கணும், ஆபீஸ் ஆபீஸா ஏறணும், டிவிக்காரன் வர மாட்டான். அதனால உங்களுக்கு அது வாணாம். உங்களுக்கு என்னா வேணும்? கிருஷ்ணப்பா சீட்டு வேணும். நாளைக்கு நீங்க ஒக்காந்தா செவுத்த உங்க மச்சான் கட்டுவான்.

இல்ல, உங்களுக்கு மச்சான் இல்லன்னா யாருக்காச்சும் இருப்பான்.

கேஸு போட்டிருக்கீங்களா? யாரு, கட்சி போட்டுதா? சரி தான். கட்சி போடல தம்பி. தனி ஆளு ஒருத்தன் ஊழல் விசாரிக்கிற ஆபீஸுல எழுதிக் குடுத்த புகாரு அது. உங்க தலைவரு சாவு ஊட்டுக்கு வந்தாரு, போட்டோ எடுத்துக்கிட்டாரு, நம்ம கட்சி வக்கீல் ஆம்ப்ரோஸ் உனக்காக நிப்பாருன்னாரு. பிரேசர் டவுன் ஆம்ப்ரோஸ், தெரியும்ல? மொத விசாரணைக்கு அவரு வரல, கட்சி மாநாடாம். ரெண்டாவதுக்கும் வரல, யாரோ பொறந்தநாளாம். மூணாவது வாட்டியும் வக்கீல் இல்லன்னா ஃபைல மூடிடுவேன்னு அதிகாரி சொல்லிட்டாரு. அந்த மூணாவது எப்போ தெரியுமா? வியாழக்கிழமை. காலைல பதினோரு மணி.

ஆமா, இதே வியாழக்கிழமை தான்.

நேத்து ஆம்ப்ரோஸுக்கு போன் பண்ணாக்கா, வர முடியாதுப்பா, ஊர்வலத்துல கருப்புக் கோட்டோட முன்னாடி நடக்கச் சொல்லியிருக்காங்கன்றாரு. கிருஷ்ணப்பாவப் புடிக்கிற ஒரே ஆள கிருஷ்ணப்பா பொம்மைக்கு முன்னாடி நடக்க வுடறீங்க. அவனே காசு குடுத்தாக் கூட இவ்ளோ நல்லாப் பண்ண முடியாது. தூ!

தேதி மாத்த முடியாதா? பர்மிஷன் வாங்கிட்டீங்க, தலைவரு டெல்லிலேர்ந்து வர்றாரு. சரி, மாத்தாதீங்க. பாடைய புதன்கிழம சாயந்தரமே கட்டி வெச்சுடறேன், வந்து தூக்கினு போங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தான். ஆம்ப்ரோஸ மட்டும் வுட்ருங்க. ஒரு கோட்டு கொறஞ்சா ஊர்வலம் நின்னுடாது. கேக்க எனக்கே அசிங்கமா இருக்கு, ஆனா கேக்கறேன்.

வியாழக்கிழம காலைல வந்தா கட மூடியிருக்கும். பதினோரு மணிக்கு நான் டேப்போட அங்க நிக்கணும்.

என்னா அப்பிடிப் பாக்கறீங்க? புகாருல பேரு முனிகிருஷ்ணன்னு இருக்கும், ஆம்ப்ரோஸக் கேளுங்க. இல்லாட்டி தல நிமிந்து கட போர்டப் பாருங்க, அதே பேரு தான். வந்து அரை மணி நேரம் ஆவுது, அந்தப் பொண்ணு பேர ஒரு வாட்டி கூட நீங்க சொல்லல. நானும் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சௌம்யா. அவளுக்கு அஞ்சடி போதும்னு இருந்துச்சு. வேற ஆளக் கட்ட வுடல, நானே கட்டினேன்.

எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க, பரவால்ல. போறப்ப பிளக்ஸ மறந்துடாதீங்க. அதுல போட்டோ மாத்தணும் தம்பி. இந்தப் பொண்ணு யாரோ, பாவம், எங்கேர்ந்து எடுத்தீங்களோ. எம் பொண்ணுக்கு எடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும். நாலு வயசுல, இதோ இந்த எடத்துல தான், மூங்கில் சிம்பு கிழிச்சுது. நான் தான் தூக்கினு ஓடினேன்.