பூசணிக்கு அடியில்

– மெழுகு என் பையிலயே இருக்கு அத்தான். ஒரு நிமிஷ வேலை. வண்டிக்கு இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க.

– பொறு லைமன். டார்ச்சை இன்னொரு தடவை அடியில காட்டு.

– எலி கடிச்ச ஓட்டை. விரல் நுழையுது, அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா? ஓட்டை உள்வரைக்கும் போனா பூசணியைத் தராசுலயே ஏத்தக் கூடாது. அதுதான் பெரிய பூசணிப் போட்டி விதி.

– ஆர்வில் அத்தான், சொல்றதைக் கேளுங்க. பனி கொட்டினப்போ வீட்டுப் போர்வையெல்லாம் இதுக்குத்தான் போத்தினீங்க. எங்க அக்கா கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்கினா. ஒகாயோ மாநிலம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு காய் கிடைக்காது. நம்ம சபையே வெளிய பெஞ்சுல உக்காந்து கைதட்டக் காத்துக்கிட்டிருக்கு.

– எனக்கு மட்டும் ஆசையில்லையா மச்சான்? வருஷா வருஷம் ரெண்டாவது இடம். கை அரிக்கத்தான் செய்யுது.

– அப்புறம் என்ன யோசனை? காரியத்தை மறைக்கிறது தேவனுக்கு மகிமைன்னு சாலொமோனே சொல்லியிருக்காரு.

– மீதியையும் சொல்லு. அதை ஆராயறது ராஜாவுக்கு மகிமை. இங்க ராஜா, தராசுகிட்ட நிக்கிற தெல்மா அம்மா.

– சரி, பேதுரு? அன்பு எத்தனை பாவம் இருந்தாலும் மூடும்னு எழுதலையா?

– அன்பு மூடும்னுதான் எழுதினாரு. மெழுகு மூடும்னு எழுதல.

– உங்களோட பேசி ஜெயிக்க முடியுமா?

– வனாந்தரத்துல இயேசுகிட்ட வந்தவனும் வசனம் சொல்லிக்கிட்டுத்தான் வந்தான். பாதி வசனம்.

– என்னைப் பிசாசாவே ஆக்கிட்டீங்க. அக்காகிட்ட சொல்றேன்.

– சொல்லு, அவ ஒத்துக்குவா. சிரிக்காத, டார்ச் நழுவும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்புன்னு காலையிலேருந்து வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கேன். அதை விட்டேன்னா உன் மெழுகை நானே பிடுங்கிருவேன்.

– காலையிலயேவா? அப்போ ஓட்டை இருக்கறது உங்களுக்கு...

– வண்டியில ஏத்தும்போதே பார்த்துட்டேன். தள்ளு. நேரா தராசுக்கே போவோம்.

– ஆர்வில், வாப்பா. எல்லாரும் முடிச்சாச்சு, உன்னோடதுதான் பாக்கி. அடேயப்பா, இது காயா, கன்னுக்குட்டியா?

– தெல்மா அம்மா, இதை ஏத்தாதீங்க. அடியில ஓட்டை. உள்வரைக்கும் போயிருக்கு.

– எங்க, காட்டு. ஐயோ பாவமே. நீ சொல்லலைன்னா நான் குனிஞ்சு பார்த்திருப்பேனான்னே தெரியலை. இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு எங்க குனியறது?

– பரவாயில்லம்மா. ஆறு பண்ணைக்குப் பாயசம் காய்ச்சலாம் இதுல. என்னமோ, நெஞ்சு பஞ்சு மாதிரி ஆயிருச்சு. பாடணும் போல இருக்கு.

– பாடு, யாரு வேண்டாம்னா? முதல் பரிசு உன் வீட்டுக்குள்ளதான் வருது. அடுத்த பெரிய காய் உன் மச்சானோடது.

– லைமன், உன்னோடதா? அடப்பாவி, என்னோடது விழுந்தா நீ ஜெயிப்பேன்னு தெரிஞ்சுமா எனக்கு மெழுகு நீட்டினே? வா, கட்டிப் பிடிச்சுக்கறேன்.

– விடுங்க அத்தான். தெல்மா அம்மா, அந்தப் பரிசு ரிப்பனை என் காய்ல கட்டாதீங்க. அதையும் கொஞ்சம் புரட்டி, அடியில சுரண்டிப் பாருங்க.